சிரித்த முகத்தைத் தொட்டவர்கள்

ஆகஸ்ட் 4, திங்கள்

அறுபத்து நான்கு பெண்கள். ஒருத்திக்கும் ஒரு நோயும் இல்லை. இடுப்புவலி இல்லை, காய்ச்சல் இல்லை, சும்மா ஒரு தலைவலிகூட இல்லை. எல்லோரும் ஜார்க்கண்டிலிருந்து வந்து, வால்பாறைக்கு மேலே சோலைமட்டம் எஸ்டேட்டில், கொட்டுகிற மழையில், காலில் அட்டை கடிக்கக் கடிக்கத் தேயிலை பறிக்கிறவர்கள். எல்லோரும் சின்ன வயசு. பெரும்பாலோருக்குப் புருஷனும் அதே லைன் வீட்டில்தான் இருக்கிறான். கர்ப்பமாக இருப்பவர்கள் எத்தனை பேர்? பூஜ்ஜியம்.

எங்கள் ஆய்வுத் தலைவர் டாக்டர் ஞானசேகர் என் மேசைக்கே வந்து சொன்னார்: "ரொம்ப க்ளீன் டேட்டா, கலாமணி. டீமுக்கு என் பாராட்டைச் சொல்லிடுங்க."

க்ளீனாம்! கழுவிக் கவிழ்த்த எச்சில் தட்டுகூட க்ளீன்தான். எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த டீயைக் குடிக்காமல் தொட்டியில் ஊற்றினேன்.

என் வேலை கேள்வி தயாரிப்பது. உடம்பைப் பற்றிய கேள்விகள். பதினெட்டு வருடமாகக் கோயமுத்தூரில் இந்த ஆய்வு நிறுவனத்தில் அதைத்தான் செய்கிறேன். கடற்கரைக் குப்பத்தில் கேட்கிற மாதிரி தறி ஓடுகிற தெருவில் கேட்க முடியாது. இதை ஜூன் மாதமே சொன்னேன். எஸ்டேட்டில் மிச்சமிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு எழுதிய கேள்வி வடக்கிலிருந்து வந்தவர்களுக்குச் சரிப்படாது, நான் ஒரு வாரம் மேலே போய் அவர்களோடு இருந்து பார்த்துவிட்டு வேறு எழுதுகிறேன் என்றேன். "உடம்பு எல்லாருக்கும் ஒண்ணுதானே? மொழியை மட்டும் மாத்தினாப் போதும்" என்றார் ஞானசேகர் சார். மாற்றினார்கள். அந்த லட்சணம்தான் இது.

இந்த ஆய்வை வைத்துத்தான் எஸ்டேட் கம்பெனி அங்கே இருக்கும் ஆஸ்பத்திரியை செப்டம்பரோடு மூடுவதா வேண்டாமா என்று முடிவு செய்யப்போகிறது. பத்துப் படுக்கை, ஒரு நர்ஸ், ஒரு ஜீப். அவ்வளவுதான் அந்த ஆஸ்பத்திரி. அதையும் மூடிவிட்டால், வலி எடுத்தவள் மண் சரியும் ரோட்டில் இரண்டு மணி நேரம் உருண்டு போகவேண்டும். நோயே இல்லாத ஊருக்கு ஆஸ்பத்திரி எதற்கு என்று நாங்களே எழுதிக் கொடுக்கப்போகிறோம்.

வீட்டுக்கு வரும்போது மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்துகொண்டேன். படி செங்குத்தாகக் கட்டியிருக்கிறார்கள். வீட்டுக்காரரிடம் சொல்லவேண்டும்.

ஆகஸ்ட் 6, புதன்

சிறுவாணித் தண்ணீர் இன்றும் வரவில்லை. படுக்கை விரிப்பு ஊறவைத்தது ஊறவைத்தபடி கிடக்கிறது.

ஆகஸ்ட் 7, வியாழன்

பொள்ளாச்சியிலிருந்து தங்கை சாந்தாமணி போன்.

"ஏக்கா, ஒடம்பு எப்புடி இருக்குது?"

"எனக்கென்ன கேடு? நல்லாத்தான் இருக்கேன்."

"அந்த ஸ்கேன் எடுத்தியா?"

"அடுத்த வாரம்."

"போன மாசமும் இதையேதான சொன்ன?"

அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். பால் இல்லை, அடுப்பும் பற்றவைக்கவில்லை. ஸ்கேன் சீட்டு ஃப்ரிட்ஜ் மேல்தான் இருக்கிறது, எங்கேயும் ஓடிவிடாது.

ஆபீசில் இன்று ஞானசேகர் சாரிடம் நேராகவே கேட்டேன். "சார், நான் சோலைமட்டம் போய் அந்தப் பொண்ணுங்ககிட்ட மறுபடி கேக்கறேன்."

"அதுக்கு பட்ஜெட் இல்லையே."

"என் லீவு, என் காசு."

கதவு வரை போனவளைக் கூப்பிட்டுச் சொன்னார்: "விதிமுறை ஞாபகம் இருக்கட்டும். கேள்வி கேக்கறவங்க தன்னைப் பத்தி ஒரு வார்த்தை பேசக்கூடாது. பேசினா பதில் செல்லாது. கையேட்டை எழுதினதே நீங்கதான்."

நான்தான் எழுதினேன். கேட்பவளின் கதையைக் கேட்டால் சொல்பவளின் பதில் சாய்ந்துவிடும் என்பது இந்தத் தொழிலில் பாலபாடம்.

பெட்டியில் இரண்டு கறுப்புச் சேலை, ஒரு கரும்பச்சை. வெளிர் நிறம் எதுவும் வேண்டாம்.

ஆகஸ்ட் 11, திங்கள்

பஸ்ஸில் சீட்டின் மேல் துண்டை மடித்துப் போட்டு உட்கார்ந்தேன். ஆழியாறு தாண்டியதும் மழை பிடித்தது, எஸ்டேட் வரும்வரை விடவில்லை.

ஆஸ்பத்திரி நர்ஸ் பெயர் ஃபிலோமினா. எல்லோருக்கும் ஃபிலோ சிஸ்டர். ஐம்பது வயதிருக்கும், ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர். தங்குவதற்கு ஒரு படுக்கையை ஒதுக்கிக் கொடுத்து, என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "மேடத்துக்கு ரத்தம் கம்மியோ?" என்று கேட்டார். பயணக் களைப்பு என்றேன். நகத்தைக் காட்டச் சொன்னார். காட்டவில்லை.

ஃபிலோ சிஸ்டரிடம்தான் அசல் சேதி தெரிந்தது. எங்கள் களப்பணியாளர்கள் இரண்டு பேருக்கும் இந்தி வராது. மொழிபெயர்த்துச் சொல்ல எஸ்டேட் ஒரு ஆளை இலவசமாகக் கொடுத்திருக்கிறது. யார் தெரியுமா? ரூப்லால். இந்தப் பெண்களை ஊரிலிருந்து கூட்டிவந்த சர்தார். தலைக்கு இவ்வளவு, நாளுக்கு இவ்வளவு என்று கம்பெனியிடம் கமிஷன் வாங்குகிறவன். உடம்புக்கு முடியாதவளை ஊருக்கு அனுப்பிவிட்டு வேறு ஆளைக் கொண்டுவருகிறவனும் அவனேதான்.

"போன வருஷம் சலோமின்னு ஒரு பொண்ணு" என்றார் ஃபிலோ சிஸ்டர். "எட்டு மாசம். அவனுக்குத் தெரிஞ்ச அன்னிக்கே லாரியில ஏத்தி விட்டுட்டான். ரயில்லயே பிரசவம் ஆயிருச்சு. குழந்தை தங்கல."

அவனைப் பக்கத்தில் நிற்கவைத்துக்கொண்டு, "நீ கர்ப்பமா? உனக்கு நோய் உண்டா?" என்று நாங்கள் கேட்டிருக்கிறோம்! அந்தக் கேள்விக்குக் கீழே என் பெயர் வேறு போட்டிருக்கிறது. பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலிக்கிறது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

சாயங்காலம் பறித்த இலையை எடை போட்டு முடிந்ததும், ரூப்லால் பஜாருக்குப் போன நேரம் பார்த்து லைன் வீட்டுக்குப் போனேன். ராய்ப்பூரில் இரண்டு வருடம் வேலை பார்த்ததில் எனக்கு இந்தி ஓரளவு வரும். அவர்கள் பேசுவது அதற்குச் சித்தப்பா பிள்ளை மாதிரி ஒரு மொழி. சமாளிக்கலாம். இங்கே தமிழிலேயே எழுதிவிடுகிறேன்.

முதல் வீட்டில் இருந்தவள் பெயர் பிர்ஸ்முனி. இருபத்தைந்து வயது சொன்னாள். புருஷன் தொழிற்சாலையில் இரவு வேலை. என்னை ஒரே ஒரு ஸ்டூலில் உட்காரவைத்து, கறுப்பு டீ கொடுத்து, அவள் தரையில் உட்கார்ந்தாள். மழை நின்ற பிறகும், பறிக்கும்போது இடுப்பில் கட்டிய தார்ப்பாயை அவிழ்க்கவில்லை.

முகங்கள் வரைந்த அட்டையை எடுத்து வைத்தேன். சிரிக்கிற முகத்தில் தொடங்கிக் கண்ணீர் விடுகிற முகம் வரை வரிசையாக ஆறு. வலி எவ்வளவு என்று எழுத்துத் தெரியாதவர்களும் தொட்டுக் காட்டுவதற்கு. உலகம் பூராவும் நடக்கிற முறை.

பிர்ஸ்முனி யோசிக்கவே இல்லை. சிரிக்கிற முகத்தைத் தொட்டாள். தொட்டுவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பி, முந்தானை முடிச்சிலிருந்து இரண்டு மாத்திரையை எடுத்து வாயில் போட்டு டீயில் விழுங்கினாள். கடையில் உதிரியாக விற்கிற வலி மாத்திரை. எனக்குத் தெரியாதா, நானும் அதைத்தான் விழுங்குகிறேன்.

"அப்ப எதுக்கு இந்த முகத்தைத் தொட்ட?" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது.

நாகரிகம் தெரியாத ஒருத்தியைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தாள். "தீதி" என்றாள். அக்கா என்று அர்த்தம். "மழையில நனைஞ்சு என் வீட்டுக்கு வந்திருக்கீங்க. வந்தவங்களுக்கு எந்த முகத்தைக் காட்டுவாங்க? அழுத முகத்தையா?"

அடக் கடவுளே! அறுபத்து நான்கு பேரும் வலியைத் தொடவில்லை. வீட்டுக்கு வந்தவர்களுக்குக் காட்டவேண்டிய முகத்தைத் தொட்டிருக்கிறார்கள். நாங்கள் அதை எண்ணி, கூட்டி, சராசரி போட்டு, வலி பூஜ்ஜியம் என்று கட்டம் கட்டி வைத்திருக்கிறோம். ஞானசேகர் சாரை இந்த ஸ்டூலில் கொண்டுவந்து உட்காரவைக்கவேண்டும் போல் இருந்தது.

ஆகஸ்ட் 13, புதன்

அட்டையை ஆஸ்பத்திரியிலேயே போட்டுவிட்டு வெறுங்கையோடு போனேன். மழை அதிகம் என்று மதியத்தோடு பறிப்பை நிறுத்தியிருந்தார்கள். ரூப்லால் மானேஜர் பங்களாவில் இருந்தான். பிர்ஸ்முனி முறத்தில் அரிசியைப் போட்டுக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அட்டை கிட்டை ஒண்ணும் இல்ல. சொல்லு, உனக்கு எங்க வலிக்குது?"

"நீங்க இன்னும் சொல்லலையே" என்றாள்.

"நான் என்ன சொல்லணும்?"

"எங்க ஊர்ல சுகதுக்கம் கேக்க வர்றவங்க தன்னோடதை முதல்ல வைப்பாங்க. அப்புறம்தான் அடுத்தவங்களுது. எதையும் வைக்காமக் கேக்கறது போலீஸ்காரன். அப்புறம் ரூப்லால்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என்னைக் கேட்க இவள் யார்? நான் எனக்காகவா வந்திருக்கிறேன்? இவர்களுக்கு ஒரு ஆஸ்பத்திரி இருக்கவேண்டுமே என்றுதானே என் லீவைப் போட்டு, குளிரில் நடுங்கிக்கொண்டு வந்திருக்கிறேன்? "எனக்கு ஒண்ணும் இல்ல. நல்லாத்தான் இருக்கேன்" என்றேன்.

"சரி. நானும்தான்" என்றாள். கல் பொறுக்கத் தொடங்கிவிட்டாள்.

தகரத்தில் மழை அடித்துக்கொண்டிருந்தது. அவள் என்னை ஒரு மனுஷியாகவே நினைக்காத மாதிரி வேலையைப் பார்த்தாள். எழுந்து போய்விடலாம் என்றுதான் எழுந்தேன். எழுந்தபோது தலை சுற்றியது, சுவரைப் பிடித்தேன். அவள் முறத்தை வைத்துவிட்டு என் முழங்கையைப் பிடித்து உட்காரவைத்தாள். காத்திருந்தாள்.

சொன்னேன். ஏழு மாதமாக ரத்தம் நிற்கவில்லை என்று சொன்னேன். துணியை மாற்றி மாற்றி மாளவில்லை, படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, டாக்டர் ஸ்கேன் எடுக்கச் சொல்லி எழுதிக்கொடுத்த சீட்டு ஃப்ரிட்ஜ் மேல் இருக்கிறது என்று சொன்னேன். என் அம்மாவுக்கும் இப்படித்தான் தொடங்கியது, அம்மா ஒரு வருடத்தில் போய்விட்டாள், அதனால் எனக்குப் பயமாக இருக்கிறது என்றும் சொன்னேன். இந்தியில் சொன்னேன். தமிழில் இதை நான் இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. இந்த நோட்டில்கூட எழுதவில்லை. இப்போது எழுதியாயிற்று, போதுமா?

பிர்ஸ்முனி "ஐயோ பாவம்" என்று சொல்லவில்லை. நல்லவேளை, சொல்லியிருந்தால் அறைந்திருப்பேன். தார்ப்பாயின் முடிச்சை அவிழ்த்தாள். என் கையை எடுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்தாள். ஆறு மாதம். உள்ளே ஒரு உதை விழுந்தது.

"காலு வீங்குது. ராத்திரியில கண்ணு மங்குது" என்றாள். "ரூப்லாலுக்குத் தெரிஞ்சா லாரிதான். சலோமி எங்க ஊர்க்காரி."

கால் வீக்கம், கண் மங்கல். ரத்த அழுத்தம் ஏறுகிறது என்று தெரிந்துகொள்வதற்கு நர்ஸ் படிப்பு படித்திருக்கவேண்டியதில்லை. இப்படிப்பட்ட ஒருத்தியை இரண்டு மணி நேர ரோட்டில் அனுப்பினால் என்ன ஆகும் என்பதற்கும்தான். இருட்டியதும் ஆஸ்பத்திரியின் பின்வாசல் வழியாக அவளை ஃபிலோ சிஸ்டரிடம் கூட்டிப்போனேன். மாத்திரை கொடுத்திருக்கிறார், வாராவாரம் வரச்சொல்லியிருக்கிறார்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

நான்கு நாளாக வீடு வீடாக என் கதையைச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. இந்த லைன் முழுக்க இப்போது என் கர்ப்பப்பை பற்றித்தான் பேச்சு. ஒருத்தி ஏதோ வேரை இடித்துக் கொண்டுவந்து கொடுத்தாள். ஒருத்தி என் துணியைத் துவைத்துத் தருகிறேன் என்று பிடுங்கினாள். கல்யாணம் ஆகாதவளா நீ என்று கேட்டு இரண்டு பேர் அழுதார்கள். எனக்கு எரிச்சலாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது.

ஆனால் நான் என்னுடையதை வைத்த எல்லா வீட்டிலும் அவர்களுடையது வந்தது. பூச்சிமருந்து அடித்த தோட்டத்தில் மறுநாளே இறக்கிவிடுவதால் கையெல்லாம் வெடிப்பு. கூடப் பிறந்தது மாதிரி இடுப்புவலி. ஒருத்திக்கு மூன்று மாதமாக இருமல், ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைய கூலி போய்விடும் என்று போகவில்லை. கூலி போகாத நாளெல்லாம் நோயில்லாத நாள், அவர்கள் கணக்கில்.

கர்ப்பமாக இருப்பவர்கள் பதினோரு பேர். பூஜ்ஜியம் இல்லை, பதினொன்று.

ஆகஸ்ட் 20, புதன்

எல்லாவற்றையும் எழுதி ஞானசேகர் சார் மேசையில் வைத்தேன். அரை மணி நேரம் படித்தார்.

"இதை எப்படி வாங்கினீங்க?"

சொன்னேன். என்னுடையது என்ன என்பதை மட்டும் சொல்லவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"கலாமணி, இது ஆய்வே இல்ல. நீங்க உங்க கதையைச் சொல்லி அவங்களைக் கரைச்சிருக்கீங்க. உலகத்துல எந்த ஜர்னலும் இதை ஏத்துக்காது."

"ஜர்னலுக்கா சார் வலிக்குது?"

"எமோஷனலாப் பேசாதீங்க."

எமோஷனல்! சர்தாரைப் பக்கத்தில் நிறுத்திக் கேட்டால் அது ஆய்வு. நான் ஒரு டீயைக் குடித்து என் வயிற்றைப் பற்றிச் சொல்லிவிட்டுக் கேட்டால் அது எமோஷன். நன்றாக இருக்கிறது நியாயம்.

கொஞ்ச நேரம் கழித்து இறங்கிவந்தார். "சரி, கம்பெனிகிட்ட பேசிப் பார்க்கறேன்" என்றார். சாயங்காலமே பதில் வந்துவிட்டது. பதினோரு பேர் என்று சொன்னால் போதாதாம். பெயர் வேண்டுமாம். சரிபார்ப்பதற்கு. கூடவே "அவர்களுக்கு உதவுவதற்கு" என்று வேறு எழுதியிருக்கிறார்கள். பெயரைக் கொடுத்தால் ஆஸ்பத்திரி இருக்கும், அதில் படுக்க அந்தப் பதினோரு பேர் இருக்கமாட்டார்கள். கொடுக்காவிட்டால் பதினோரு பேர் இருப்பார்கள், ஆஸ்பத்திரி இருக்காது.

முடியாது என்றேன். "அப்ப பழைய ரிப்போர்ட்தான் போகும்" என்றார்.

ஆகஸ்ட் 21, வியாழன்

தண்ணீர் வந்தது. இரண்டு பக்கெட் துணி. துவைத்து முடித்துத் தரையிலேயே படுத்துவிட்டேன்.

செப்டம்பர் 3, புதன்

ஃபிலோ சிஸ்டரிடமிருந்து போன். பிர்ஸ்முனிக்கு அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது. ஆனால் கட்டில்களை எண்ணிக்கொண்டு போக ஆள் வந்துவிட்டார்களாம். "மேடம், நீங்க ஸ்கேன் எடுத்தீங்களான்னு அவ கேக்கறா" என்றார். அடுத்த வாரம் என்று சொல்லுங்கள் என்றேன்.

கம்பெனியின் கடைசிக் கூட்டம் பன்னிரண்டாம் தேதி. நானும் வருவேன் என்று ஞானசேகர் சாரிடம் சொல்லிவிட்டேன். கேட்கவில்லை, சொன்னேன்.

செப்டம்பர் 12, வெள்ளி

இன்றே எழுதிவிடவேண்டும்.

கம்பெனி ஆபீஸ் அவிநாசி ரோட்டில், ஏழாவது மாடி. ஏசி குளிர். மேசையைச் சுற்றி ஆறு பேர்: எஸ்டேட் மானேஜர், கணக்குப் பார்க்கிறவர்கள் இரண்டு பேர், பெங்களூரிலிருந்து வந்த நலத்துறை அதிகாரி நந்திதா ராவ், ஞானசேகர் சார், நான். நந்திதாவுக்கு நாற்பது வயதுக்குள் இருக்கும். மழமழவென்று தமிழ் பேசினாள்.

"மேடம், எங்களுக்கும் மூடணும்னு ஆசை இல்ல. நீங்க பேரைக் குடுத்தா இன்னிக்கே முடிவை மாத்தலாம். ஒரு பொண்ணு தனக்கு உடம்பு சரியில்லன்னு சொல்றதுல என்ன கஷ்டம்? வாயைத் திறந்து சொன்னாத்தானே நாங்க உதவ முடியும்?"

என்ன கஷ்டமாம்! எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. எழுந்து நின்றேன். ஞானசேகர் சார் என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுக்காத குறை.

"கஷ்டம் இல்லைங்களா? சரி, இங்கயே கேட்டுப் பார்ப்போம்" என்றேன். "என் பேரு கலாமணி. வயசு நாற்பத்தாறு. எட்டு மாசமா எனக்கு ரத்தப்போக்கு நிக்கல. இப்ப நின்னுட்டு இருக்கறப்பவும் போயிட்டுத்தான் இருக்குது. பயத்துல ஸ்கேன் எடுக்காம இருக்கேன். கூடப் பிறந்தவகிட்டக்கூட நல்லா இருக்கேன்னு பொய் சொல்றேன். இது என்னுது. வெச்சாச்சு. இப்ப நீங்க ஒவ்வொருத்தரா உங்களுதைச் சொல்லுங்க. உங்களுக்கும் உங்க சம்பளத்துக்கும் நடுவுல நிக்கறவங்க இந்த ரூம்லயே இருக்காங்க, அவங்க முன்னாலதான் சொல்லணும். அந்தப் பொண்ணுங்க அப்படித்தான் சொல்லவேண்டியிருந்துச்சு. சார், நீங்க சொல்லுங்க, உங்களுக்கு என்ன வியாதி?"

மானேஜர் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகினார். கணக்குக்காரர்களில் ஒருவர் செல்போனைப் பார்த்தார். ஞானசேகர் சார் மேசையைப் பார்த்தார். அவர் ஒன்பது வருடமாகச் சர்க்கரைக்கு ஊசி போடுகிறார், டிராயரில் ஒளித்து வைத்திருக்கிறார், ஆபீசில் எல்லோருக்கும் தெரியும். அவர் சொல்லவில்லை. யாரும் சொல்லவில்லை.

"ஒண்ணும் இல்லையா? நல்லது. எழுதிக்கோங்க" என்றேன். "அஞ்சு பேர்கிட்ட கேட்டோம். எல்லாரும் படிச்சவங்க, பெரிய சம்பளம், யாரும் உங்களை லாரியில ஏத்தமாட்டாங்க. அப்படியும் நோய் பூஜ்ஜியம். க்ளீன் டேட்டா. அப்ப கோயமுத்தூர்ல இருக்கற ஆஸ்பத்திரியெல்லாம் மூடிடலாமுங்களா?"

நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். கண் இருட்டிக்கொண்டு வந்தது. யாரோ ஏசியைக் குறைத்தார்கள். கூட்டம் பத்து நிமிடம் தள்ளிவைக்கப்பட்டது.

கீழே வரை நந்திதா ராவ் என்னோடு வந்தாள். முழங்கையைப் பிடித்திருந்தாள். லிஃப்ட் கதவு மூடியதும், எண்களைப் பார்த்துக்கொண்டே, "எனக்கு ரெண்டு தடவை கலைஞ்சிருக்கு" என்றாள். "ரெண்டாவது தடவை மறுநாளே மீட்டிங் வந்தேன். ஆபீஸ்ல ஒருத்தருக்கும் தெரியாது." ஆட்டோவில் ஏற்றிவிட்டு மேலே போனாள்.

வீட்டுக்கு வந்ததும் சாந்தாமணிக்குப் போன் செய்தேன். பொய் இல்லாமல் சொன்னேன். அரை மணி நேரம் திட்டினாள். "அம்மாவுக்குக் கூட இருந்து பாத்தவ நானு, எங்கிட்ட மறைக்கிறியாடி?" என்று அக்கா என்பதையும் மறந்து கத்தினாள். அப்புறம் அழுதாள். நாளைக் காலை முதல் பஸ்ஸில் வருகிறாளாம். மிக்ஸியை வேறு கொண்டுவருகிறாளாம், என் மிக்ஸி ஓடாது என்று அவளுக்கு எப்படித் தெரிந்தது?

செப்டம்பர் 15, திங்கள்

கம்பெனிக் கடிதம். ஆஸ்பத்திரி மார்ச் வரை இருக்கும். பெயர் கேட்கவில்லை. மொழிபெயர்க்க ரூப்லாலை இனிமேல் அனுப்பமாட்டோம் என்று ஒரு வரி. ரூப்லால் என்னவோ அங்கேயேதான் இருக்கிறான், அவன் கமிஷனும் அப்படியேதான் இருக்கிறது. மார்ச்சுக்கு அப்புறம் என்ன என்று எழுதவில்லை.

எனக்கும் ஒரு கடிதம். விதிமுறையை மீறியதற்காக இந்த ஆய்விலிருந்து என்னை விலக்கியிருக்கிறார்கள். ஞானசேகர் சார் கையெழுத்து. கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. "ட்ரீட்மென்ட் எடுங்க. லீவு எவ்வளவு வேணாலும் போட்டுக்கோங்க" என்றார். "நீங்களும் ஊசியை டிராயர்ல வைக்காதீங்க சார், சூட்டுல கெட்டுப்போயிரும். ஃப்ரிட்ஜ்ல வைங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 22, திங்கள்

ஸ்கேன் எடுத்தாயிற்று. கட்டி. பெரியது. சதையை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். சாந்தாமணி என் கையை விடவே இல்லை. வியர்வையில் கை ஊறிவிட்டது, சொன்னாலும் விடமாட்டாள்.

அக்டோபர் 1, புதன்

அம்மாவுக்கு வந்த புற்றுநோய் எனக்கு இல்லை. அது இல்லை. ஆனால் கர்ப்பப்பையை எடுக்கவேண்டும், அதற்கு முன் ரத்தம் ஏற்றவேண்டும். இதை ஜனவரியிலேயே தெரிந்துகொண்டிருக்கலாம் என்று டாக்டர் சொன்னபோது எனக்கு அவர் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை.

நவம்பர் 4, செவ்வாய்

நாளை ஆபரேஷன். ராத்திரி எதுவும் சாப்பிடக்கூடாதாம். சாந்தாமணி கேரியரை ஒளித்துவைத்துவிட்டுத் தனியாகச் சாப்பிடுகிறாள். வாசனை வராதா என்ன?

நவம்பர் 8, சனி

இன்றுதான் சாய்ந்து உட்காரவிட்டார்கள். பேனா பிடிக்க வருகிறது.

காலையில் டியூட்டி நர்ஸ் ஒரு அட்டையைக் கொண்டுவந்தாள். பார்த்ததும் தெரிந்துவிட்டது. அதே ஆறு முகம். "எந்த மூஞ்சிங்கம்மா, தொட்டுக் காட்டுங்க" என்றாள். பாவம், நின்றபடியே தூங்கிவிடுவாள் போல் இருந்தாள். என் விரல் தானாகச் சிரிக்கிற முகத்துக்குப் போனது! எனக்கே என் மேல் ஆத்திரம். விரலை இழுத்துக்கொண்டு, அழுகிற முகத்தைத் தொட்டேன்.

மத்தியானம் ஃபிலோ சிஸ்டர் போன். குரலே சிரித்தது. பிர்ஸ்முனிக்கு நேற்று மாலை வலி எடுத்திருக்கிறது. கொஞ்சம் முன்னாடியே வந்துவிட்டது, அழுத்தம் ஏறி, வலிப்பு வரப் பார்த்திருக்கிறது. ஊசி போட்டு, ஜீப்பைத் தயாராக நிறுத்தி வைத்து, கடைசியில் ஜீப் தேவைப்படாமல் அங்கேயே, அந்தப் பத்துக் கட்டிலில் ஒன்றிலேயே பிரசவம் ஆகிவிட்டது. ரோட்டில் நேற்றெல்லாம் மண் சரிவாம். "ரெண்டு உசுரும் தப்பிச்சது மேடம். இந்தாங்க, அவ பேசணுங்கறா."

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. பின்னால் ஒரு சின்னக் குரல் வீலென்று கத்திக்கொண்டிருந்தது.

"என்ன குழந்தை?" என்றேன்.

அந்தச் சின்னக் குரல்தான் இன்னும் கத்தியது.

"பிர்ஸ்முனி, கேக்குதா? என்ன குழந்தை?"

"தீதி, முதல்ல நீங்க" என்றாள்.

சாந்தாமணிக்கு இந்தி தெரியாது, ஆனாலும் என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டாள். "நல்லா இருக்கேன்னு சொல்லுக்கா. பச்ச ஒடம்புக்காரி, பாவம்" என்று கிசுகிசுத்தாள்.

"வலிக்குது" என்றேன். "இருமினா வலிக்குது. சிரிச்சா வலிக்குது. திரும்பிப் படுக்க முடியல. ரொம்ப வலிக்குதுடி."

"எனக்கும்" என்றாள் பிர்ஸ்முனி. "பொண்ணு."